ஒரே முதலாளியிடம் ஒரு வருஷம்

நடபுவா, லௌட்டோக்கா, ஃபிஜி
ஞாயிறு, 15 நவம்பர் 1987

அண்ணாவுக்கு,

நீ ஆக்லாந்து போய்ச் சேர்ந்த செய்தி தெருவுக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ போன் செய்தாயாம். எனக்குத் துணைக்கு வந்திருக்கும் பொன்சாமி மாமா எடுத்துப் பேசிவிட்டு, வாயெல்லாம் பல்லாக என்னிடம் ஓடிவந்து ஏதோ சொன்னார். அந்த மீசைக்குள் உதடு எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? மறுநாளே மீசையை எடுக்கச் சொன்னேன். "அட போ புள்ள, எங்கல்யாணத்துல வச்ச மீச!" என்று ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துவிட்டார். இப்போது பேச்சு தெளிவாகத் தெரிகிறது. தெரிந்து ஒன்றும் பெரிய லாபமில்லை. கரும்புக் கத்தியைப் பாயின் அடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் படுக்கிறார். என் ஊர் புலிலேகாவில் இதைவிட நன்றாகத் தூங்கினேன் என்று தினமும் சொல்கிறார்.

போகும்போது டெலிபோனை வெட்டாமல் போய்விட்டாய். பத்து வயசிலிருந்து காது கேட்காதவளுக்கு டெலிபோன்! தினமும் துடைத்து வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்கே வந்துதான் சிட்னிக்கும் வான்கூவருக்கும் பேசுகிறார்கள். என்ன பேசினாலும் உதட்டில் கடைசியில் ஒரே சொல்தான் வருகிறது. விசா. அதனால் நீ எழுதத்தான் வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து காது போன பிறகு அப்பா எல்லாவற்றையும் சிலேட்டில் தமிழில் எழுதிக் காட்டியதால்தானே உனக்கும் எழுத வருகிறது. மற்ற வீடுகளில் தமிழ் எப்போதோ போய்விட்டது. நம் வீட்டில் அது தங்கியதே என் காதால்தான். அந்த நன்றிக்காவது எழுது.

சூவாவில் நியூசிலாந்து விசா ஆபீசில் நடந்ததை நான் மறக்கவில்லை. அந்த அம்மாள் என்னைப் பற்றி உன்னிடம் கேட்டாள். "இவளால் என்ன வேலை செய்ய முடியும்?" எனக்கு உதடு தெரிந்தது. நீ என்ன சொன்னாய்? "அவ ஒண்ணும் செய்ய வேண்டாம். கடைசி வரைக்கும் நாங்க பாத்துக்கறோம்." இங்கிலீஷில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு! யாராவது உன்னைப் பார்க்காமல் உன்னைப் பற்றிப் பேசினால் மேசையைத் தட்டு என்று, காது கேட்காதவர்கள் தொழில் பழகும் மையத்தில் ஊர்மிளா டீச்சர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தட்டினேன். நீ என் கையைப் பிடித்து மடியில் வைத்தாய். அவள் எழுதிவிட்டாள், இது அந்த நாட்டுக்கு ஒரு சுமை என்று.

ஞாயிற்றுக்கிழமை இப்போது பஸ் கிடையாது, கடை கிடையாது, துணி துவைத்து வெளியே போடக்கூடப் பயமாக இருக்கிறது. ஆட்சியைப் பிடித்த பட்டாளம் போட்ட புதுச் சட்டமாம். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். உன் சின்னவன் ரோனித் இப்போது யார் மடியில் தூங்குகிறான்?

சரோஜ்

*

ஆக்லாந்து
10 டிசம்பர் 1987

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? நம் சனத்தில் எந்த அண்ணன், அந்நிய ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, என் தங்கச்சி உழைத்துச் சாப்பிடுவாள் என்று சொல்வான்? கேட்பவன் காறித் துப்ப மாட்டானா? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால் இவர்கள் கௌரவமாக நினைப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே அதற்கு வேறு அர்த்தமாம். இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

இப்போது ஒரு வக்கீலைப் பார்த்தேன். குஜராத்தி, நல்ல மனுஷன். அவர் சொன்னது இதுதான். நீ சொந்தக் காலில் நிற்கிறாய் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரே முதலாளியிடம் முழுசாக ஒரு வருஷம் வேலை பார்த்து, அவரிடம் கடிதம் வாங்க வேண்டும். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்றால் செல்லாது. இந்தப் பக்கம் நான் நிரந்தர வேலையில் இருந்துகொண்டு உனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மறுபடி மனு போடலாம். ஆகவே உன் டீச்சரிடம் சொல். ஒரு வருஷம்தானே, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடு.

லௌட்டோக்காவில் கப்பல் கம்பெனியில் சரக்குத் தாள் பார்த்தவன், இங்கே கிடங்கில் அதே சரக்கைத் தூக்குகிறேன். ஆபீஸ் வேலை கேட்டால் உள்ளூர் அனுபவம் எங்கே என்கிறார்கள். உன் அண்ணி விஷாலி ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறாள். ரோனித் அவன் அக்கா ரோஷிகாவின் பக்கத்தில் படுக்கிறான். தூங்க நேரமாகிறது.

கோவிந்த்

*

நடபுவா
20 பிப்ரவரி 1988

அண்ணாவுக்கு,

ஒரு வருஷம்தானே என்று எழுதிவிட்டாய். கேள்.

மையத்தில் பாதித் தையல் மெஷின் தூசி படிந்து கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி கலவரத்துக்குப் பிறகு நின்றுபோய்விட்டது. ஊர்மிளா டீச்சர் மட்டும் விடுவதில்லை. அவள் வழி உனக்குத் தெரியாது. எங்களில் ஒருவருக்கு வேலை தேடும் முன் அந்தக் கடையில் ஒரு நாள் போய் நிற்பாள். யார் எதை எடுக்கிறார்கள், எப்போது கூப்பிடுகிறார்கள், எதற்குக் காது வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்ப்பாள். பிறகுதான் முதலாளியிடம் வாயைத் திறப்பாள். பாதிப் பேர் "பாவம், தீவாளிக்கு வரச் சொல்லு, துணிமணி தர்றோம்" என்பார்கள். துணி வேண்டாம், துணி தைக்க விடுங்கள் என்பாள். நெஞ்சழுத்தக்காரி.

அப்படித்தான் டவுனில் வீரசாமி தையல் கடையில் சேர்த்துவிட்டாள். நல்ல இடம். பள்ளிக்கூடச் சீருடை சீசன். காலர் வைப்பது முழுக்க என்னிடம். வீரசாமி அண்ணன் பேசும்போது எனக்கு நேராக நின்று பேசுவார், கத்த மாட்டார். ஒரு மாசம் கழிந்தது. நேற்றுக் கடைக்குப் போனால் மனுஷன் மெஷினுக்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். கனடா விசா வந்துவிட்டதாம். "தங்கச்சி, உன்னைய வேலைக்கி வச்ச வேள, எனக்கு வந்திருச்சி" என்கிறார். நான் என்ன செய்ய, வாழ்த்துகிறேன் என்று கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து மாமாவிடம் கத்தினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம், டலோக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரோஜ்

*

ஆக்லாந்து
17 ஏப்ரல் 1988

சரோஜுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். வீரசாமி போனார் சரி. கடையை வாங்கியவன் உன்னை ஏன் வைத்துக்கொள்ளவில்லை? நீ கோபக்காரி. அவனிடம் மூஞ்சியைக் காட்டினாயா? இந்த ஒரு வருஷத்துக்காவது யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டிரு. மேசையைத் தட்டும் வேலையெல்லாம் வேண்டாம்.

இங்கே எனக்கும் லேசாக இல்லை. ஊரில் எத்தனை பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள் தெரியுமா? என் பக்கத்தில் பெட்டி தூக்கியவனை வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். வலிக்கிறது என்று நான் சொல்லக்கூடாது, லீவு கேட்கக்கூடாது. உனக்குக் கையெழுத்துப் போட எனக்கு இந்த வேலை இருக்க வேண்டும். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யாராவது ஒருவர் விட்டால் போச்சு. புரிகிறதா?

கோவிந்த்

*

நடபுவா
24 ஜூலை 1988

அண்ணாவுக்கு,

பதில் எழுதக்கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். மூஞ்சியைக் காட்டினாயா என்று கேட்டாயே, அதற்குத்தான். கடையை யாரும் வாங்கவில்லை, ராசா. வாங்குகிறவன் இந்த ஊரில் யார் இருக்கிறான்? ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். இதுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழியை என் தலையில் போட்டுவிட்டாய்.

அடுத்தது பிஜேந்திராவின் சலவைக்கடை. ஓட்டல் படுக்கை விரிப்பு, துண்டு. நீராவியில் நின்று கால் வீங்கிப்போச்சு. ஓட்டலில் ஆளே வராதபோது விரிப்பு எதற்கு? பிஜேந்திரா பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தார். மாமா இப்போது வேர் கரைத்த கிரோக் குடிக்க உட்காரும் இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்: "விசா வேணும்னா கோயிலுக்கு நேந்துக்காத. எங்க சரோஜ வேலைக்கி வையி. ஒரே மாசத்துல கெடைக்கும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். அண்ணா, எல்லோரும் போவதால் நான் போக முடியவில்லை. இது என்ன அநியாயம்?

சரி, நல்ல சேதி. பழைய மண்டி ஒன்றில் புதுசாகத் துணித் தொழிற்சாலை திறந்திருக்கிறார்கள். சட்டை தைத்து உங்கள் நாட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். வரி கிடையாதாம், அதனால் முதலாளி ஓட மாட்டான் என்கிறாள் டீச்சர். மேனேஜர் ஷைலேந்திரா முதலில் முடியவே முடியாது என்றார். "சூப்பர்வைசர் கூப்பிட்டா கேக்காதே!" டீச்சர் அவரை மெஷின் நடுவில் கூட்டிப்போய் நிறுத்தி ஏதோ கேட்டாளாம். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தீங்களா, இங்க எல்லாருக்கும் காது அவ்வளவுதான்" என்றாளாம். இந்த மாசம் முதல் திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன்.

பக்கத்து மெஷின் லித்தியா. டீ மணி அடித்தால் என் மெஷின் பலகையைத் தட்டுவாள். மரம் அதிர்வது என் கைக்குத் தெரியும். நீ வேண்டாம் என்ற மேசை தட்டும் வேலைதான்.

சரோஜ்

*

ஆக்லாந்து
8 ஜனவரி 1989

அன்புள்ள சரோஜுக்கு,

நெடுநாள் எழுதவில்லை. மன்னித்துக்கொள். கிறிஸ்மஸ் நேரம், வேலை.

ஒரு விஷயம். விஷாலி எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள், நீலக்கோடு போட்டது. உள்ளே ஃபிஜியில் தயாரித்தது என்று சின்னத் துணி. காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் கையா வேறு யார் கையா என்று எனக்கு என்ன தெரியும்? ரோஷிகா, "அத்தைதான் தைச்சாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் வருஷம் ஓடட்டும். விட்டுவிடாதே. வேறு ஒன்றுமில்லை.

கோவிந்த்

*

நடபுவா
12 மார்ச் 1989

அண்ணாவுக்கு,

நீலக்கோடு என்றால் எங்கள் வரிசைதான். காலர் முனையில் உள்தையல் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் அது நான். லித்தியா வைத்தால் சமமாக இருக்கும். என்னைவிட நன்றாகத் தைப்பாள். நீ ரோஷிகாவிடம் சொன்னது பொய்யாக இருக்காது.

உன் எழுத்து ஏன் சாய்ந்து கிடக்கிறது? வரி எல்லாம் மலை ஏறுகிறது. படுத்துக்கொண்டு எழுதினாயா? எனக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறது. என்ன ஆச்சு, எழுது.

இங்கே ஊர்மிளா டீச்சருக்கு மெல்போர்ன் வந்துவிட்டது. ஆமாம், அவளுக்கும்தான். சொல்ல முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்களில் எத்தனை பேரைக் கடைகடையாகக் கூட்டிப்போனாள், இனி யார் போவார்கள்? எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் போகத்தானே சனிக்கிழமையும் சேர்த்து ஓடுகிறேன்? அவளுக்கு மட்டும் பிள்ளைகள் இல்லையா?

அவள் போகும் முன் காது கேட்காத இரண்டு பெண்களை எங்கள் வரிசையில் சேர்த்துவிட்டாள். ஒருத்தி பெயர் காஜல், என்னைவிட வாயாடி, கையாலேயே சண்டை போடுகிறாள். மேனேஜர் சொல்வதை நான்தான் அவர்களுக்குக் கையால் சொல்கிறேன். "நீ இருக்கற வரைக்கும் வச்சுக்கறேன்" என்கிறார் ஷைலேந்திரா. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதை இப்போது யோசிக்கத் தெம்பில்லை.

ஜூலையில் வருஷம் முடிகிறது. காய்ச்சலோடும் போனேன், புயல் எச்சரிக்கை அன்றும் போனேன்.

சரோஜ்

*

ஆக்லாந்து
28 மே 1989

சரோஜ்,

மறைக்க முடியவில்லை. நவம்பரில் கிடங்கில் பெட்டி சரிந்தது. முதுகில் எலும்புக்கு நடுவே ஏதோ நழுவிவிட்டது என்கிறார்கள். அப்போதிலிருந்து படுக்கைதான். இப்போது கோலூன்றி நடக்கிறேன். குனிய முடியாது, தூக்க முடியாது. வேலை போய்விட்டது. உதவிப் பணத்தில் இருக்கிறேன். விஷாலி இரண்டு ஷிஃப்ட் போகிறாள்.

வக்கீலிடம் கேட்டேன். வேலை இல்லாதவன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முடியாதாம். உன் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும். என் பக்கம்தான் இல்லை. தகுதி இல்லாதவன் நான், சரோஜ். இதை எழுத எனக்கு ஆறு மாசம் ஆயிற்று.

மறுவாழ்வு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது, வேறு வேலை பழக்கிவிடுவார்களாம். போன வாரம் வரச் சொன்னார்கள். பள்ளி லீவு என்பதால் ரோஷிகாவையும் கூட்டிப்போனேன். அந்த ஆள் என்னை ஒரு முறை பார்த்தார். என் இங்கிலீஷ் புரியவில்லையோ என்னவோ, பிறகு முழுக்க அவளிடமே கேட்டார். உங்கள் அப்பாவால் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? படிக்கத் தெரியுமா? என் மகளுக்குப் பத்து வயசு. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஜூலைக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார். போகப் பிடிக்கவில்லை.

கோவிந்த்

*

நடபுவா
9 ஜூலை 1989

அண்ணா,

கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். உனக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன், எனக்காகத்தான் அதிகம். வெள்ளிக்கிழமை ஷைலேந்திரா கடிதம் கொடுத்தார். ஒரு வருஷம், ஒரு நாள் தவறாமல், யாருடைய துணையும் இல்லாமல் என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு. நான் வருவதற்கு இருந்த வழி இது ஒன்றுதான். கைக்கு வந்தபோது மறுபக்கம் அடைத்துவிட்டது. மாமா ஃபிரேம் போடலாம் என்றார். அவரையும் திட்டிவிட்டேன். நீ மட்டும் லீவு கேட்காமல், வலிக்கிறது என்று சொல்லாமல் பெட்டி தூக்கினாயே, யாருக்காக? எனக்காக.

சரி. அழுதாச்சு. இனி நான் சொல்வதைக் கேள். இந்த விஷயத்தில் உனக்கு நான் மூத்தவள்.

ரோஷிகாவைக் கூட்டிப் போகாதே. அண்ணி வந்தால் வரட்டும், ஆனால் அதிகாரிக்கு நேர் எதிர் நாற்காலியில் நீதான் உட்கார வேண்டும். அண்ணியைப் பக்கத்தில் கொஞ்சம் பின்னால் உட்கார வை. "எப்படியோ சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லவே சொல்லாதே. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நம்மில் பாதிப் பேர் வீட்டோடு கிடக்கிறோம். முடியாததை ஒரு முறை சொல், முடிந்ததை நிறைய சொல். கப்பல் சரக்குத் தாள் பார்க்கத் தெரியும், இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் எழுதத் தெரியும், நாலு காசு கணக்குப் பிசகாமல் போடத் தெரியும் என்று சொல். உட்கார்ந்தபடி செய்யும் வேலை வேண்டும், நடுவில் எழுந்து நடக்க விட வேண்டும் என்று கேள். கெஞ்சாதே.

உன்னைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்டால் மேசையைத் தட்டு. கோபமாகத் தட்டாதே. தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டு. அவர் உன் முகத்தைப் பார்க்கும் வரைக்கும் தட்டு. நீலக்கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு போ.

என் கடிதம் பழசாகிவிடும் என்று கவலைப்படாதே. இன்னொரு வருஷம் வேலை பார்த்து இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன். காஜலும் மற்றவளும் அதற்குள் தனியாக நிற்கப் பழகிவிடுவார்கள்.

சரோஜ்

*

ஆக்லாந்து
30 ஜூலை 1989

சரோஜுக்கு,

போனேன். நீலக்கோடு சட்டைதான். விஷாலி வந்தாள். நீ சொன்னபடி பின்னால்தான் உட்கார்ந்தாள். அப்படியும் அந்த ஆள் என் தோளுக்கு மேலே பார்த்து அவளிடம் கேட்டார். உங்கள் கணவரால் இனி என்ன செய்ய முடியும் என்று. விஷாலி, பாவம், நல்ல மனசோடு தொடங்கிவிட்டாள்: "அவர் ஒண்ணும் செய்ய வேணாம் சார், நாங்க..."

தட்டினேன். அவள் பதறிப்போய் என் கைமேல் கை வைத்து அழுத்தினாள். இன்னொரு கையால் தட்டினேன். கோல் கீழே விழுந்துவிட்டது. மனுஷன் என்னைப் பார்த்தார். என்னிடம் கேட்டார். சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு கப்பல் முகவர் ஆபீசில் பழகப் போடுகிறார்கள். பாதி நாள்தான், நிரந்தரம் இல்லை. ஆனால் மேசை வேலை. நிலைத்தால் உன் மனுவை மறுபடி போடுவேன். நிலைக்குமா என்று தெரியாது. களைப்பாக இருக்கிறது.

வந்ததிலிருந்து ஒன்று மனசில் ஓடுகிறது. அன்றைக்குச் சூவாவில் நான் உன் ஒரு கையைத்தான் பிடித்தேன். இன்னொரு கை இருந்ததே. நீ ஏன் அதனால் தட்டவில்லை?

கோவிந்த்

*

நடபுவா
13 ஆகஸ்ட் 1989

அண்ணா,

அந்தக் கையில் உன் ரோனித் தூங்கிக்கொண்டிருந்தான்.

சரோஜ்